அழகாய் எழுதிய மிதிவெடிப் பலகை

அழகாய் எழுதுகிறவன் பொய் சொல்கிறான் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். சும்மா நம்பவில்லை, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிற அளவுக்கு நம்பினேன். ஒரு பலகையில் எழுத்து வரிசை குலையாமல், கொம்பும் காலும் அளவெடுத்த மாதிரி நின்றால் அதில் எழுதியிருக்கிற விஷயம் பொய். எழுத்துக் கோணி, பெயின்ற் வழிந்து, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது பலகையின் விளிம்பில் தொங்கினால் அது மெய். மெய் சொல்கிறவனுக்கு அவசரம். பொய்யனுக்குத்தான் ஆறுதலாகக் குந்தியிருந்து கொம்பு சுழிக்க நேரம் இருக்கும்.

இந்த ஞானத்தை எனக்குத் தந்தவை நாய்கள். கொடிகாமம் சந்தையில் ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை செய்தேன். தேங்காய்க்கும் மாங்காய்க்கும் வீடு வீடாகப் போய்க் கதைத்து வர வேண்டும். வாசல் படலைகளில் ‘நாய் கவனம்’ என்று பலகை தொங்கும். கொழும்பில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்த ஒருவரின் பலகை நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. ‘நா’வின் காலுக்கு நிழல்கூட விழுத்தியிருந்தது. நடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். நாய் என் செருப்பை நக்கிவிட்டு மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. அதே ஒழுங்கைத் தெருவில் கொஞ்சம் தள்ளி, ஒரு தகரத் துண்டில் யாரோ கரியால் கிறுக்கியிருந்தார்கள். ‘க’வும் ‘வ’வும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. ‘ம்’முக்குப் புள்ளி வைக்கவும் எழுதியவனுக்குப் பொறுமை இல்லை. “இதெல்லாம் ஒரு எழுத்தோ” என்று சிரித்தபடி படலையைத் திறந்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி.

அதன் பிறகு எல்லாம் பொருந்தி வந்தது. தேத்தண்ணிக் கடையில் ‘தூய பசுப்பால்’ என்று முத்து முத்தாக எழுதியிருக்கும். அந்தப் பாலில் கிணறு தெரியும். டொக்டர் எழுதித் தருகிற துண்டை மனிதப் பிறவி வாசிக்க முடியாது. ஆனால் காய்ச்சல் மாறும்.

சந்தையில் என்னுடைய இன்னொரு வேலை சாக்குகளுக்கு எழுத்துப் போடுவது. லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போகிற மூட்டை ஒவ்வொன்றிலும், அங்கே எடுக்கிற கடைக்காரரின் முதலெழுத்தைத் தாரால் போட வேண்டும். தேங்காய்த் தும்பைக் கட்டிச் செய்த தூரிகை. சணல் சாக்கு மையைக் குடித்துப் பரப்பிவிடும். ‘ப’ சாக்கில் அரசன் மாதிரி நிற்கும். ‘ஜ’ போட்டால் மாடு மிதித்த தவளை. இப்படி நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டியதில் எனக்கு மருந்தில்லாத ஒரு வருத்தம் பிடித்துவிட்டது. எழுத்தைப் பார்ப்பேன், சொல்லை வாசிக்க மறந்துவிடுவேன். யாழ்ப்பாண பஸ்ஸின் பலகையில் ‘ணம்’ இரண்டும் நெருக்குப்பட்டு மிதிபலகையில் தொங்குகிற ஆட்கள் மாதிரி நிற்பதைப் பார்த்துக்கொண்டே நின்று பஸ்ஸை விட்டிருக்கிறேன். மயிலிட்டிக்குப் போனால் மற்றவர்கள் மீனைப் பார்ப்பார்கள். நான் வள்ளங்களின் மூக்கில், வருசா வருசம் பெயின்ற் பூசிப் பூசி வீங்கிப்போன பெயர்களைப் பார்ப்பேன். ஒரு நாள் சந்தி மதிலில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல் ஒன்றின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்படியொரு தடித்த கறுப்பு எழுத்து. பக்கத்தில் வந்து நின்ற கிழவர், “ஆர் மோனை செத்தது?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனால் அம்மா தலைமுழுகிக் கூந்தலை விரித்துவிட்டிருந்தார். செத்தது என்னுடைய பெரியப்பா.

இப்படிப்பட்டவனுக்கு வாழ்வு வந்தது தொண்ணூறாம் ஆண்டில். எங்கள் ஊர் எல்லையில் ஒரு பெரிய தென்னங்காணி. சொந்தக்காரர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்கள். அதற்குள் முகாம் போட்டிருந்த இந்திய ஆமி அந்த வருசம் மூட்டை கட்டிக்கொண்டு போனது. போன கையோடு இயக்கப் பெடியள் வந்து, காணியைச் சுற்றியிருந்த வேலியின் கதியால் தடிகளில் ‘கவனம் மிதிவெடி’ என்று தகரப் பலகைகளைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அதைப் பார்த்ததும் எங்கள் சனத்துக்கு மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. முன்பெல்லாம் மாங்காய்க் கள்ளனுக்காக வேலியில் முள் வைப்பார்கள். இப்போது மிதிவெடி வைத்தார்கள். வெடி இல்லை, எழுத்து மட்டும். இரண்டு கிழமைக்குள் எங்கள் ஊரில் ஆட்களைவிட மிதிவெடி கூடிவிட்டது. கசுமா மரத்துக்குக் கீழே மிதிவெடி, பூசணிப் பாத்தியில் மிதிவெடி, ஒரு கிழவி கோழிக்கூட்டுக்கும் ஒன்று வைத்தாள். இளைப்பாறிய தலைமை வாத்தியார் பென்சிலால் கோடு பிடித்துப் பலகை எழுதி, கீழே ஒரு மண்டையோடும் கீறியிருந்தார். அந்த மண்டையோட்டுக்கு அவருடைய முகவெட்டு.

இவற்றில் எது மெய், எது பொய் என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆள் நான்தான். வாத்தியாருடையதைப் பார்த்த பார்வையிலேயே பொய் என்றேன். அடுத்த நாள் அவரே அதற்குள் நின்று மாங்காய் பிடுங்குவதை நாலு பேர் கண்டார்கள். சலூன்காரரின் பலகையில் எழுத்துக்குச் சிவப்புக் கரை இருந்தது. பொய் என்றேன். அதுவும் சரி. தேத்தண்ணிக் கடையில் எனக்கென்று குந்த ஒரு வாங்கு மூலை கிடைத்தது. டொக்டரிடம் வருகிற மாதிரி ஆட்கள் வந்தார்கள்.

“அண்ணை, தோட்டத்துக்குப் போற ஒழுங்கையிலை ஒரு மிதிவெடி போட் நிக்குது. போகலாமோ?”

“‘டி’ எப்பிடி?”

“என்னது?”

“‘டி’யின்ரை சுழி வளைஞ்சு வந்து முட்டுதோ, இல்லாட்டித் திறந்து நிக்குதோ?”

“முட்டுது எண்டுதான் நினைக்கிறன்.”

“நினைச்சுச் சொல்லாதை. போய்ப் பாத்திட்டு வா.”

அந்த மனிசன் பயபக்தியோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார். நான் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, “முட்டினால் பொய். பயப்பிடாமல் போ” என்பேன்.

கடைசியில் ஊர் கேட்க விரும்பியது ஒரே ஒரு கேள்வி. அந்தத் தென்னங்காணி? முகாம் இருந்த காணி?

மூன்று தரம் போய் ஒழுங்கையில் நின்று அந்தப் பலகைகளைப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், கண் கலங்கிவிட்டது. மஞ்சள் தகரம், கறுப்பு எழுத்து. ‘வெ’யின் கொம்பு ஊரிச் சங்கு மாதிரி உள்ளுக்குள் சுருண்டு போய் அடங்கியிருந்தது. ‘தி’யின் வால் கீழே இறங்கி, யோசித்து, திரும்பியது. ‘ம்’மின் புள்ளி குத்தின புள்ளி இல்லை, உள்ளே வெளி தெரிகிற வட்டம். எல்லாப் பலகையும் ஒரே கை. வெடி புதைத்த இடத்தில் நின்றுகொண்டு எவனாவது புள்ளிக்கு உள்ளே வெளி விடுவானா?

“சுத்தப் பொய்,” என்று கடையில் அறிவித்தேன். “தேங்காயைக் காப்பாத்திறதுக்குச் சொந்தக்காரர் ஆரையோ பிடிச்சுப் பெடியளின்ரை பேரிலை எழுதுவிச்சிருக்கினம். உந்த எழுத்துக்கு ஒரு நாள் பிடிக்கும். வெடி வைக்கிறவனுக்கு ஒரு நாள் ஏது?”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் காணிக்குள் போகவில்லை. என்னை நம்பினார்கள், ஆனால் தங்கள் தங்கள் காலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பற்று வைத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் எனக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. பெண் வீடு அந்தத் தென்னங்காணி இருந்த அதே ஒழுங்கையில். பெண்ணின் தகப்பனை மாமா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அவருக்கு ஒரு பசு இருந்தது. மகளைப் பற்றிக் கதைத்தால் கொட்டாவி விடுகிற மனிசன், பசுவைப் பற்றிக் கதைத்தால் எழும்பி நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு, தென்னங்காணியின் ஒழுங்கைப் பக்கத்துப் படலையால் உள்ளே போய்விட்டது. நான் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது ஒழுங்கை நிறையச் சனம். மாமா படலையில் நின்று “இம்பா, இம்பா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பசு அந்தக் கரையில் முழங்கால் அளவு புல்லுக்குள் நின்றது. அது திரும்பியும் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் மாமாவின் முகம் மலர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்த மனிசன் என்னைக் கண்டு மலர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

“தம்பி, உந்த போட் பொய்யெண்டு நீர்தானே சொன்னனீர்?”

“ஓம் மாமா.”

“வடிவாப் பாத்துத்தானே சொன்னனீர்?”

“ஓம் மாமா.”

“அப்ப போய் மாட்டைப் பிடிச்சுக்கொண்டு வாரும்.”

கூட்டத்தில் நின்ற ஒவ்வொரு முகத்திலும் ஒரு சின்னச் சந்தோசம். தேர் இழுக்கத் தொடங்கும்போது வருமே, அது. இந்த இடத்தில் நான், “மாமா, எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் தொழில் நம்பிக்கையும் கலியாணமும் ஒரே படலைக்குள் இருந்தன. சைக்கிளை வேலியில் சாத்தினேன். சாரத்தை மடித்துக் கட்டினேன். உள்ளே போனேன்.

முதல் கொஞ்சத் தூரம் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையை வீசிக்கொண்டு, கல்யாண மண்டபத்துக்குள் போகிற மாதிரி. ஒரு இடத்தில் திரும்பி நின்று, “கொம்பைப் பாத்தியளோ? கொம்பைப் பாருங்கோ!” என்று பலகையைக் காட்டி வகுப்பும் எடுத்தேன். கை தட்டினார்கள்.

காணியின் நடுவுக்குக் கிட்ட வந்தபோது ஒரு தென்னையைக் கண்டேன். அடியில் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் சிவப்பில் எழுத்து. தமிழ் இல்லை, இங்கிலிசும் இல்லை. கொடியில் காயப்போட்ட உடுப்புகள் மாதிரி ஒரு கோட்டிலிருந்து தொங்குகிற எழுத்து. அச்சு வெட்டி வைத்து அடித்திருந்தார்கள். அழகா என்றால் அழகு. அவசரமா என்றால் இல்லை. ‘சமையலறை இந்தப் பக்கம்’ என்று இருக்கலாம். ‘இதற்கு அங்காலே காலை வைத்தால் சரி’ என்றும் இருக்கலாம். ஊருக்கெல்லாம் எழுத்துப் பார்த்துச் சொன்னவன், தன் வாழ்க்கையில் வாசித்தே ஆக வேண்டிய ஒரே ஒரு வரியின் முன்னால் கைநாட்டுக்காரனாக நின்றேன்.

அப்போதுதான் மண்டைக்குள் ஒரு கதவு திறந்தது. ஆமி இருந்தது இந்தக் காணியில். வெடி புதைத்திருந்தால் புதைத்தது அவர்கள். பலகை எழுதியது பெடியள். புதைத்தவன் வேறு, எழுதினவன் வேறு! புதைத்தவனுக்கு எவ்வளவு அவசரம் இருந்தால் என்ன, எழுதினவன் ஒரு மாதம் இருந்துகூட எழுதியிருக்கலாமே. இந்தச் சின்ன விஷயம் ஒரு மாதமாக, அத்தனை தேத்தண்ணிக்கும் இடையில், எனக்கு ஏன் தோன்றவில்லை? தெரியாது. தோன்றின நேரத்தில் என் வலது கால் அந்தரத்தில் இருந்தது. அதை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டேன்.

“ஏன்ரா நிண்டிட்டாய்?” ஒழுங்கையிலிருந்து ஒரு குரல்.

“சும்மா,” என்றேன். சத்தம் ஆட்டுக்குட்டியினுடையது மாதிரி வந்தது.

“டேய், கொக்கு மாதிரி நிக்கிறான் பார்!”

“காலைக் கீழை வை அண்ணை. எந்த இடத்திலை எண்டு மட்டும் பாத்து வை.”

“உவனுக்கு ஏதும் நடந்தால் சாக்குக்கு எழுத்து ஆர் போடுறது?”

“எழுத்தை விடு. ஒரு சாக்கைக் கொண்டந்து வை, பொறுக்கிப் போட உதவும்.”

சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அது சிரிப்பு இல்லை, பல் தானாக அடித்துக்கொண்டது. கீழே பார்த்தேன். காணி முழுவதும் உதிர்ந்த பிஞ்சுக் குரும்பட்டி விழுந்து கிடந்தது. அதுவரை அவை வெறும் குரும்பட்டி. இப்போது ஒவ்வொன்றும் கால் வந்து அமத்தக் காத்திருக்கிற பொத்தான். காய்ந்த ஈர்க்கு எல்லாம் கம்பி. நான் நடந்து வந்த அடிகளைத் தேடினேன். சருகு அவற்றை மூடிவிட்டது. முருகனுக்குத் தூக்குக்காவடி நேர்ந்தேன். முருகனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை அதிகமாக இருக்கலாம் என்று பயந்து, சைவக் குடும்பத்துப் பிள்ளை, கரையோரத்து மாதாவுக்கும் மெழுகுதிரி நேர்ந்தேன். இந்த நேரம் பார்த்து மூத்திரம் வேறு முட்டியது.

பெண்ணின் தமையன், எனக்கு மச்சான் முறை, படலையில் கையை வைத்துக் கூப்பிட்டான்.

“மச்சான், பயப்பிடாதை. பெடியளைக் கூட்டிக்கொண்டு வாறன். சைக்கிள் பூட்டுத் திறப்பு எங்கை?”

“பொக்கற்றிலை.”

“எறி.”

ஒற்றைக்காலில் நின்றுகொண்டு சேர்ட் பொக்கற்றிலிருந்து திறப்பை எடுத்து எறிந்தேன். அது பாதித் தூரத்தில் விழுந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. மச்சான் திரும்பிப் போய் என் சைக்கிளில் ஏறிக் குந்தி, கால் எட்டுகிறதா என்று பார்த்தான்.

“சீற்றைக் கொஞ்சம் பதிக்கோணும்,” என்றான் பக்கத்தில் நின்றவனிடம். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் சாவுக்குக் கிட்ட நிற்கிறவனுக்குக் காது நல்லாய்க் கேட்கும்.

அந்த நேரம் வேலிக்கு அங்காலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். கலியாணம் பேசின பெண்ணின் வீட்டிலிருந்து செய்தி வந்திருந்தது.

“பிள்ளை கேக்கிறாள், ஒண்டும் நடக்கேல்லைத்தானே எண்டு.”

என் நெஞ்சு நிறைந்தது. “ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ!” என்று கத்தினேன்.

“உமக்கில்லையப்பா. மாட்டுக்கு.”

மாமா மட்டும்தான் பகிடி விடவில்லை. அவருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. பால் கறக்கிற நேரம். அவர் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவினார்.

“தம்பி! மாடு நடந்த அடியிலை நடவும்! மாடு உம்மைவிடப் பாரம்! அதுக்கு வெடிக்காதது உமக்கு வெடிக்குமோ?”

அதில் நியாயம் இருந்தது. பசு வந்த வழி எனக்கு ஒரு எட்டுத் தள்ளிப் போனது. அந்தப் பக்கம் சருகு குறைவு, மழை பெய்து இளகின மண். குளம்பு அடி தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் வளைந்த அடைப்புக்குறி மாதிரி. ஒன்றைத் திறந்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் மூடியிருந்தது. அந்த அடைப்புக்குறிக்குள் என் பெருவிரலை எழுதினேன். வெடிக்கவில்லை. அடுத்ததற்குள் மற்றக் காலை. மாடு நாலு காலால் நடந்த வழியில் இரண்டு காலால் நடப்பது கண்ணுக்குப் பெரிய பகிடியாக இருந்திருக்க வேண்டும், ஒழுங்கையில் ஒருவன் மேளம் வாசிக்கிற மாதிரி வாயால் தாளம் போட்டான். ஒரு அடிக்குக் குதிக்கிறேன், மறு அடிக்குக் குந்துகிறேன். வேர்வை கண்ணுக்குள் ஓடியது. ஒரு இடத்தில் அடைப்புக்குறியின்மேல் சாணி கிடந்தது. சாணிக்குள்ளேயே காலை வைத்தேன். அவ்வளவு சூடாகவும் பாதுகாப்பாகவும் நான் எங்கேயும் நின்றதில்லை.

எப்படியோ பசுவிடம் போய்ச் சேர்ந்து கயிற்றுத் துண்டைப் பிடித்தேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லை மென்றது. திருப்ப இழுத்தேன். வரவில்லை. அதற்குக் காணியின் பக்கவாட்டு வேலிதான் வேண்டியிருந்தது. வேலிக்கு அங்காலே பக்கத்துக் காணிக்காரர் பயிற்றங்கொடி போட்டிருந்தார். பச்சைப் பசேலென்று நின்றது. பசு நடந்தது. நான் பின்னால், கயிற்றைப் பிடித்தபடி, புதிது புதிதாக அது அடிக்கிற அடைப்புக்குறிகளுக்குள் காலை வைத்துக்கொண்டு போனேன். வேலியில் ஓலைக் கிடுகு விலகியிருந்த ஒரு இடத்தை அது தலையால் முட்டித் திறந்து, உடம்பை நெருக்கி அங்காலே போனது. அதே துவாரத்தால் நானும் போனேன்.

வெளியே வந்துவிட்டேன். மிதிவெடிக் காணிக்கு வெளியே, மனிசர் புழங்குகிற தோட்டத்தில், இரண்டு காலோடும். ஒழுங்கையிலிருந்து விசில் அடித்தார்கள். கொஞ்சம் ஏமாற்றம் கலந்த விசில். மச்சான் சைக்கிளால் இறங்கினான். பசு நேரே பயிற்றங்கொடிக்குள் போனது. நான் கயிற்றை விட்டேன். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அழுதேன் என்றும் சொல்லலாம். நிமிர்ந்து திரும்பியபோது எனக்கு முன்னால், துவாரத்தை ஒட்டிய கதியாலில், மஞ்சள் பலகை. இவ்வளவு கிட்ட நான் அதைப் பார்த்ததில்லை. ஒழுங்கையிலிருந்து பார்த்தபோது தெரியாத ஒன்று தெரிந்தது. ‘வெ’யின் கொம்பைச் சுழித்தவன் தூரிகையை ஒரு இடத்திலும் எடுக்கவில்லை. தொடங்கின இடத்திலிருந்து ஒரே மூச்சு.

எழுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிட்ட நின்று ஒரு எழுத்தைப் பார்த்தால், முழுவதையும் பார்க்க ஓர் அடி பின்னால் போவோம்.

நான் ஓர் அடி பின்னால் போனேன்.

சத்தம் கேட்கவில்லை. மண் வாய்க்குள் வந்தது தெரியும். பிறகு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் படுத்திருந்ததும், மேலே பனை ஓலைகள் பின்னால் ஓடியதும், என்னைப் பிடித்துக்கொண்டிருந்த மச்சான், “சைக்கிளை நான் பாத்துக்கொள்ளுறன், நீ ஒண்டுக்கும் யோசியாதை” என்று அழுதுகொண்டே சொன்னதும் நினைவிருக்கிறது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு மாமா அந்தக் கிழமையே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை இருந்தது. அவர் இருக்கவில்லை.

“மாடு?” என்றேன்.

“சுகமா நிக்குது. ரண்டு நாள் பால் குறைஞ்சது.”

பிறகு, மகளுக்கு வேறு இடத்தில் பேசுவதாகச் சொன்னார். அதை அவர் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. இன்று வெயில் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். போகிறதுக்குத் திரும்பியவரைக் கூப்பிட்டேன்.

“மாமா, நான் வெளியிலை எல்லோ நிண்டனான். வேலிக்கு வெளியிலை. அதிலை என்னெண்டு வெடி?”

அவர் சொன்னார். நான் பிறகு வேறு இரண்டு பேரிடமும் கேட்டேன், அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

பலகைகளை எழுதியது நெல்லியடிப் பக்கத்துப் பெடியன் ஒருவன். முன்னம் சினிமாப் படத்துக்குப் பனர் எழுதினவன். எழுத்து அவனுக்கு அப்படித்தான் வரும். ஆமி வெடி புதைத்தது காணி நடுவில் இல்லை, தாங்கள் படுத்தெழும்பின இடத்தில் அவர்கள் ஏன் புதைக்க வேண்டும்? புதைத்தது பக்கவாட்டு வேலியின் உள் ஓரம் மட்டும். பக்கத்துக் காணிக்காரர், அந்தப் பலகைகள் சுத்தப் பொய் என்று நான் தேத்தண்ணிக் கடையில் சொன்னதை யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். சொந்தக்காரர் இல்லாத காணி, ஊரில் ஒருவனும் கிட்டப் போக மாட்டான். எங்கள் ஆட்களுக்கு இதைவிட நல்ல நேரம் வராது. கதியால்களைப் பிடுங்கி, பலகைகளையும் விட்டுவிடாமல் அதே கதியால்களில் அதே மாதிரி வைத்தபடி, வேலியை உள்ளே தள்ளி நட்டிருக்கிறார். அவருடைய கால் ஒரு வெடியிலும் படாதது அவருடைய அதிர்ஷ்டம்.

வேலி நாலு முழம் உள்ளே போயிருந்தது. வெடிகள் பழைய இடத்திலேயே இருந்தன. என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.